சபரிநாதன் வீட்டில் கடைசி எபிசோடு

அமெரிக்காவின் பேர்லேண்டில் சபரிநாதனின் குரலை அறியாதவர்கள் குறைவு. மீனாட்சி கோயிலில் வழிமறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லி மைக்கில் அழைப்பவர் அவர்தான். பிழைப்பு என்னவோ எண்ணெய்க் குழாய்களுக்கு வால்வு வடிவமைப்பது. ஐம்பத்தாறு வயதில்தான் நடிக்க வந்தார். லக்ஷிகா என்ற பெண் வார இறுதிகளில் எடுத்த தமிழ்த் தொடரில், மகளின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் அப்பா வேடம். மேக்கப் போட்ட முதல் நாளே, இத்தனை வருடம் எங்கே போயிருந்தோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தொடரை வெளியிட்ட ஸ்ட்ரீமிங் நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. முதல் வாரத்துக்குள் போதுமான பேர் கடைசி எபிசோடை முழுக்கப் பார்த்தால்தான் இரண்டாவது சீசன். இல்லாவிட்டால் அப்பாவின் நடிப்பு அதோடு சரி.

வாரத்தின் கடைசி நாள் ஞாயிறு. சபரிநாதன் சும்மா இருப்பாரா? நண்பர்களையெல்லாம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்குக் கூப்பிட்டார். நாற்பது பேர் பெரிய டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துக் கைதட்டி முடித்தபோது லக்ஷிகா வந்து சேர்ந்தாள்.

“அங்கிள், எல்லாரும் அவங்கவங்க வீட்ல பாத்தாச்சா?”

“எதுக்கும்மா? இங்கயே நாப்பது பேர் பாத்துட்டோமே.”

“அங்கிள், அவங்க கணக்குல இது ஒரே ஒரு அக்கவுண்ட்.”

சபரிநாதனின் முகம் தொங்கிப்போனது. மனைவி அனந்தலக்ஷ்மி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“அப்ப நான் புளியோதரை கிளறினது ஒரு ஆளுக்கா?”

“ராத்திரி வரைக்கும் டைம் இருக்கு,” என்றார் பக்கத்து வீட்டு ஜெயபிரகாஷ். “போனை எடுங்க. அவங்கவங்க லாகின்ல போடுங்க.”

நண்பர் செழியன் தலையைச் சொறிந்தபடி சபரிநாதன் பக்கம் திரும்பினார்.

“எங்க வீட்ல உங்க பாஸ்வேர்டுதான் ஓடுது,” என்றார் செழியன்.

“எங்க வீட்லயும்,” என்றது மாடிப்படியில் ஒரு குரல். சோபாவில் இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன.

“செழியன், உங்களுக்கு மட்டும்தானே குடுத்தேன்?” என்றார் சபரிநாதன். “எங்க டிவி ஏன் அப்பப்ப நிக்குதுன்னு இப்பத்தானே புரியுது.”

சிரிப்பு அடங்கியதும் ஆளாளுக்குப் புது அக்கவுண்ட் தொடங்கினார்கள். போன்களில் எபிசோடு முன்னும் பின்னுமாக ஓட ஆரம்பித்தது. “இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்” என்று சபரிநாதனின் குரல் சோபாவில் கர்ஜித்தது, பிறகு சமையலறையில், பிறகு கராஜில். நடுக்கூடத்தில் நின்று அவர் ஒவ்வொரு திசையாகத் திரும்பித் திரும்பிக் கேட்டார்.

“யாராவது அந்த ஆளைச் சம்மதிக்கச் சொல்லுங்களேன், பசிக்குது,” என்றாள் அனந்தலக்ஷ்மி.

வியாழக்கிழமை, அலுவலகக் கூட்டத்தின் நடுவில் லக்ஷிகாவின் செய்தி வந்தது. இரண்டாவது சீசன் உறுதி, அக்டோபரில் படப்பிடிப்பு. சபரிநாதன் உடனே கையைத் தூக்கி, அந்த மாதம் இரண்டு வாரம் லீவு வேண்டும், நடிக்கப் போகிறேன் என்றார். என்ன வேடம் என்று மேனேஜர் கேட்டார். வால்வைப் பற்றிய பேச்சை அப்படியே விட்டுவிட்டு, சபரிநாதன் எழுந்து நின்று நடித்தே காட்டினார்.