தஞ்சாவூருக்குப் போன நெல்

சுவிஸ் மலைப்பகுதியான எங்கடினுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர், என்னைப் போலவே ஈழத்திலிருந்து வந்த ஒரு ஹோட்டல் சமையல்காரர். மீசைக்குக் கறுப்பு மை, மடியில் வடைப் பெட்டி. சோழர் படையைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் "நாங்கள்" என்றே சொன்னார், தானும் கூடப் போய் வந்தவர் மாதிரி.

"ஈழத்தைப் பிடிச்சு நாங்கள் சும்மா விடேல்லைத் தம்பி. காணி அளந்து வரியும் போட்டனாங்கள். தஞ்சாவூர்க் கோயிலுக்கு நெல்லே அங்கயிருந்துதான் போனது."

"பிடிபட்டதும் நாங்கள்தானே அண்ணை?"

"ஓம். பேரரசு எண்டால் சும்மா வருமோ? பெருமைப்பட வேணும்."

வடை ஒன்று தந்தார். பிறகு இங்கே தான் இருக்கும் ஊரின் கோயிலைப் பற்றித் தொடங்கினார். அந்தச் சின்னக் கோயிலை சூரிச்சில் உள்ள பெரிய கோயில்காரர் தங்கள் நிர்வாகத்தில் சேர்த்துவிட்டார்களாம்.

"அரிசி எங்கட, தேர் இழுக்கிறதும் எங்கட பெடியள். தேர் மட்டும் அங்க ஓடுது. அநியாயமெல்லோ?"

"பெருமைப்பட வேணும் அண்ணை" என்றேன்.

அவர் வடைப் பெட்டியை மூடினார். இறங்கும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"எண்டாலும் தம்பி, கடாரத்தையும் நாங்கள்தான் பிடிச்சனாங்கள்."