காப்புக் கட்டிய கை

ஒரு வலது கை. நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறுப்பு. மணிக்கட்டில் புதுக் காப்புக் கயிறு, நல்ல மஞ்சள், முடிச்சில் ஒரு துண்டு விரலி மஞ்சள் தொங்குகிறது. அந்தக் கை பச்சைப் பட்டனை அமுக்குகிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக நான் சுமந்துகொண்டு திரிகிற காட்சி இது. என் கல்யாணத்தன்று என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் கையையும் கயிற்றையும் மஞ்சள் துண்டு ஆடினதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கை எங்கள் ஃபோர்மேனுடையது. அவர் பட்டனை அமுக்கினதால்தான் ஒரு மனுஷனுக்கு நாலு விரல் போனது என்று கம்பெனி என்கொயரியில் சாட்சி சொன்னவள் நான். அந்தச் சாட்சியில்தான் அவர் வேலை போனது.

போத்தனூர் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனி. நான் காயில் சுற்றும் செக்சன். பொம்பளைகள் பதினெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றுவோம். மோட்டாருக்குள் வைக்கிற மெல்லிய இரும்புத் தகடுகளைப் பக்கத்துக் கொட்டகையில் பிரஸ் மெஷின் அடித்துத் தள்ளும். அந்தப் பிரஸ் கொட்டகைக்கு ஃபோர்மேன்தான் ராஜா. குரல் உயர்த்த மாட்டார், எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார், ஆனால் அவர் வந்தால் கொட்டகை சத்தம் தானாக அடங்கும். கொட்டகைக்குள் மோதிரம் ஆகாது, கண்ணாடி வளையல் ஆகாது, கையில் கயிறு ஆகவே ஆகாது. விபத்துக்கு முந்தின வருஷம் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு நான் தகடு வாங்கப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். “சாமி மன்னிச்சுக்குமுங்க அம்மணி, மெஷின் மன்னிக்காது. கழட்டிப்போட்டு வாங்க” என்றார். ஆம்பளைகள் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. சாமி குத்தம் ஆனால் நீங்க வந்து பார்ப்பீங்களா என்று கத்திவிட்டுக் காலி டிரேயோடு திரும்பி வந்தேன். நான் அப்போதும் வாய்க்காரி, இப்போதும் அப்படித்தான். அதற்கப்புறம் அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

விபத்து நடந்தது தைப் பொங்கல் லீவு முடிந்து வேலைக்கு வந்த மூன்றாம் நாள். நான் தகடு எடுக்க டிரேயோடு போனேன். பிரஸ் ஓட்டுகிற அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, சிக்கின தகட்டை எடுக்கக் குனிந்து அச்சுக்குள் கையை விட்டிருந்தார். ஃபோர்மேன் கொஞ்சம் தள்ளி ஏதோ பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினுக்கு இந்தப் பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு குழாய்க்கம்பம், அதில் ஓட்டப் பச்சை ஒன்று, நிறுத்தச் சிவப்பு ஒன்று, இரண்டு பட்டன். கம்பத்தை ஒட்டினாற்போல் ஒரு மேசை. நாங்கள் டிரேயை அதில்தான் தள்ளி வைப்போம். அப்புறம் ஒரு சத்தம். மோட்டார் உறுமியது, கால் மிதி ஏற்கனவே சிக்கிக் கிடந்ததால் பிரஸ் அப்படியே இறங்கியது. அண்ணனின் அலறல். ஃபோர்மேன் கை பட்டன் மேல். அடுத்தது எனக்கு ஞாபகம் வருவது ஃபோர்மேன் தன் சட்டையைக் கிழித்து அண்ணன் கையைச் சுற்றுவதும், நான் அந்தச் சட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றதும்தான். என் கையில் இருந்த டிரே எங்கே போனது என்று தெரியவில்லை. அன்றைக்கு யாரும் கேட்கவும் இல்லை.

பங்குனியில் என்கொயரி வைத்தார்கள். பெரிய மேசை, ஒரு பக்கம் ஆபீசர், எதிர்ப்பக்கம் ஃபோர்மேன், நடுவில் நான். அண்ணன் குனிந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மெஷின் பக்கம் வேறு யாரும் இல்லாததால், மிச்சம் நான் ஒருத்திதான் சாட்சி. ஃபோர்மேன் தன் பங்குக்கு, “நான் ஓடி வந்து சிவப்பைத்தானுங்க அமுக்குனேன். பச்சையை யாரு அமுக்குனாங்கன்னு தெரியலீங்க” என்றார். ஆபீசர் என் பக்கம் திரும்பி, “ஃபோர்மேன் பச்சைப் பட்டனை அமுக்கினதை நீங்க பாத்தீங்க, அப்படித்தானேம்மா?” என்றார். பார்த்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. ஆமாங்க என்றேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு பொட்டுக்கூட நினைக்கவில்லை. சொன்ன கணத்திலேயே அந்தக் கை கண்முன் வந்துவிட்டது. வந்தது அப்புறம் போகவே இல்லை.

அவரை அனுப்பிவிட்டார்கள். ‘கை வாங்கின ஃபோர்மேன்’ என்று ஊரெல்லாம் பேர் பரவி, வேறெந்தக் கம்பெனியிலும் சேர்க்கவில்லை. கடைசியில் துடியலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். விரல் போன அண்ணன் தன் மகனோடு பெருந்துறைக்குப் போய்விட்டார். ஃபோர்மேனை நான் ஒரே ஒரு தடவை, நிறைய வருஷம் கழித்து, டவுன் பஸ்ஸில் பார்த்தேன். கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறினவள் நிமிர்ந்தால் அவர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்துவிட்டார். “உக்காருங்க அம்மணி” என்றார். நான் உட்கார்ந்தேன். தப்புச் செய்த மனுஷன் கூசிப்போய் இடம் விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

போன வருஷம் வரைக்கும் எனக்கு இருந்த பயமெல்லாம் மறதி பற்றித்தான். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று மறக்கும், சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவேன். என் மகள் நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கிறாள். அங்கே மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் பேச வருகிறாள், நீயும் வா, உன் மறதியைப் பற்றிக் கேள் என்று இழுத்துப் போனாள். வந்தவளைப் பார்த்தால் என் மகளைவிடச் சின்னவளாக இருந்தாள். அதுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். மைக் என் பக்கம் வந்ததும் சாவிக் கதையைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, “சாவி மறந்துபோறதைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்கம்மா. எங்களுக்கே ஆச்சரியமா இருக்கறது, மறக்காம இருக்கிற ஞாபகங்கதான்” என்றாள். ஒரு விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதுசாகச் செய்துதான் கொடுக்கிறதாம். செய்யும்போது நடுவில் ஓட்டை இருந்தால் பக்கத்தில் கிடப்பதை எடுத்து அடைத்துவிடுமாம். அப்புறம் கேட்டது, அப்புறம் பார்த்தது எல்லாம் முதலிலேயே இருந்த மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். “ரொம்பத் தெளிவா தெரியுதுங்கறதாலயே அது அப்படியே நடந்ததுன்னு சொல்லிட முடியாதும்மா” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. போடி, நீ என்னத்தைக் கண்டாய், நான் ஒரு கையை அதன் மஞ்சள் துண்டு வரைக்கும் பார்த்தவளாக்கும் என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

மறுநாள் காலையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சண்டை இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைப் பட்டன், கிரீஸ் நகம், காப்புக் கயிறு என்று ஒவ்வொன்றாக அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கயிறா? அவர் கொட்டகையிலா? என்னை வாசலில் நிறுத்திக் கயிற்றைக் கழற்றச் சொன்ன மனுஷன், தான் கயிறு கட்டிக்கொண்டு மெஷின் பக்கம் நின்றாரா? அதுவும் தையில் ஏது காப்பு? எங்கள் பக்கம் காப்புக் கட்டுவதே பங்குனியில்தானே! இதைப் படிக்கிறவர்களுக்கு அவர் என்னை வாசலில் நிறுத்தினதைச் சொன்னபோதே உறைத்திருக்கும். எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. உரித்த வெங்காயத்தைத் தோலோடு போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்றார். வெங்காயக் காரம் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. துடியலூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஃபோர்மேன் செத்து நாலு வருஷம் என்பது ஹார்டுவேர் கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. அவர் சம்சாரம் மட்டும் சந்துக்குள் ஒரு வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். நான் யாரென்று சொல்ல வாயெடுப்பதற்குள், “காயில் செக்சன் அம்மணிதானுங்களே, உள்ள வாங்க” என்றார். யார் வந்திருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துதான் கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார், வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் காப்பி வைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. “ஏனுங்க்கா, ஃபோர்மேன் அண்ணன் காப்புக் கட்டுவாருங்களா?” என்று கேட்டேன்.

“அவராவது கட்டறதாவது! கலியாணம் ஆன நாள்ல இருந்து கையில கயிறுன்னாலே ஆகாதுங்க. ஒரே ஒரு தடவைதானுங்க கட்டுனாரு. என்கொயரிக்குப் போற அன்னைக்குக் காலையில, வேலை நிலைக்கோணும்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டு நானே கட்டிவிட்டேன். மாட்டேன்னுதான் சொன்னாரு. இன்னைக்கு நீங்க மெஷின்கிட்டயா போறீங்க, ஆபீஸ் ரூமுக்குத்தானுங்களே போறீங்கன்னு கெஞ்சுனேன். அப்புறம் பேசாம கையை நீட்டிட்டாருங்க.”

என்கொயரி மேசை. எதிரில் அவர். மேசை மேல் வைத்த கை. அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆபீசர் கேட்ட கேள்விக்கு ஓட்டை விழுந்த என் ஞாபகம், எதிரில் கிடந்த அந்தக் கையையே எடுத்து, கயிற்றோடு, தை மாசத்துப் பட்டன் மேல் வைத்துவிட்டது. தன் வேலை நிலைக்க வேண்டுமென்று அவர் கட்டிக்கொண்டு வந்த கயிற்றை வைத்தே நான் அவரை இத்தனை வருஷம் கட்டிப்போட்டிருக்கிறேன்.

“நான் பாக்கலீங்க்கா” என்றேன். “அண்ணன் பச்சையை அமுக்குனதை நான் பாக்கவே இல்லீங்க. பாத்தேன்னு நெனச்சுட்டனுங்க.” மூளை விஷயமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் டம்ளரின் விளிம்பையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “ரொம்ப வருஷம் சிவப்பைத்தான் அமுக்குனேன், சிவப்பைத்தான் அமுக்குனேன்னு சொல்லிட்டு இருந்தாருங்க. போகப் போக, அந்த அம்மணி சண்டைக்காரிதான், ஆனா பொய் சொல்ற ஆளு இல்லையேன்னாரு. நாந்தான் பதட்டத்துல மாத்தி அமுக்கிட்டனோ என்னமோன்னாரு. கடைசி ரெண்டு வருஷம் சந்தேகமே இல்லீங்க. நாந்தான் அமுக்குனேன், பச்சைப் பட்டனு வெரல்ல குளுகுளுன்னு பட்டது ஞாபகம் வருதுன்னு கையைப் பாத்துப் பாத்து அழுவாருங்க. அப்படியே நெனச்சுக்கிட்டேதான் போனாரு.”

நான் அவர் வேலையைக் கெடுத்தேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் மண்டைக்குள்ளும் நான் புகுந்து, அவர் செய்யாததை அவருக்கே ஞாபகமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. என் தலையில் நடந்ததுதான் அவர் தலையிலும் நடந்திருக்கிறது. அந்த அக்கா என்னைத் திட்டியிருந்தால், வெளியே போ என்று கத்தியிருந்தால், நானும் நாலு அழுகை அழுது தீர்த்திருப்பேன். “நீங்க கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமுங்க அம்மணி” என்றார், அவ்வளவுதான். அப்புறம், “காப்பி ஆறுது, குடிங்க” என்றார். குடித்தேன்.

பச்சைப் பட்டனை அவர் அமுக்கவில்லை என்றால் அது தானாகப் போய் அமுங்காது. அந்த மெஷின் பக்கம் இருந்தது மூன்று பேர். ஒருவரின் கை அச்சுக்குள் இருந்தது. ஒருவர் ஓடி வந்து சிவப்பை அமுக்கினார். மூன்றாவது ஆள், கையில் டிரேயோடு, அந்தக் கம்பத்தின் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கை இன்னும் வருகிறது. கயிறு பொய் என்று தெரிந்த பிறகும் மஞ்சள் துளிகூட மங்கவில்லை, துண்டு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. நான் இப்போது கையை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருக்கிற மேசையைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். சில நாள் மேசை காலியாக இருக்கிறது. சில நாள் அதில் என் டிரே இருக்கிறது, அவசரத்தில் தள்ளி வைத்த மாதிரி கோணலாக, அதன் விளிம்பு பச்சைப் பட்டன் மேல் இடித்துக்கொண்டு. அது அன்றைக்கு நடந்ததா, இன்றைக்கு என் மூளை செய்து கொடுப்பதா என்று சொல்ல எனக்கு வழியில்லை. அன்றைக்கு ஃபோர்மேன் விஷயத்தில் இந்த அளவு சந்தேகம்கூட எனக்கு வந்ததில்லை.

அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிரேயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.