சீவிய சோப்பு

அவள் மூக்கைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடுத்த தெருவில் பால் திரிந்தால் இங்கே இவளுக்குத் தும்மல் வரும். லாட்ஜில் எல்லோரும் 'மூக்கி' என்றுதான் கூப்பிட்டார்கள். அறை சுத்தம் செய்கிற வேலை. மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். மொட்டைமாடியில் தங்க ஓர் அறையும் உண்டு. அண்ணன் வீட்டுக் கூடத்தில், அண்ணியின் வாய்க்கு நேர் கீழே படுத்துக்கிடப்பவளுக்கு அதைவிடப் பெரிய அரண்மனை ஏது?

மேனேஜருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்தே லாட்ஜை ஓட்டினார். விரிப்பைத் திருப்பிப் போட்டால் ஃப்ரெஷ். குழாய்த் தண்ணீரைப் பழைய பாட்டிலில் பிடித்து மூடியை இறுக்கினால் ஃப்ரெஷ். நாறுகிற தலையணைமேல் சென்ட் அடித்தால் ரொம்ப ஃப்ரெஷ். புதிதாகச் சேர்ந்த இவளும் ஃப்ரெஷ்தான். எல்லாவற்றுக்கும் மேலே சோப்பு. முந்தின ஆள் தேய்த்துவிட்டுப் போனதை, ஒட்டிய முடியோடு கத்தியால் சீவி, பளபளப்பாக்கி, காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். யார் யாருடைய அக்குளோ! சோற்றில் கை வைத்தாலும் விரலில் அந்த வழவழப்பு வந்து நின்றது.

"சார், குமட்டுது சார்."

"மூக்கால வேலை பாக்காத, கையால பாரு. இன்னும் பத்து நாள்தானே? மேல் ரூம் உனக்குத்தான்."

பத்தாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி வந்து இறங்கினார். "கொஞ்சம் ஃப்ரெஷ் ஆயிட்டு வரேன்."

மேனேஜருக்கு முகம் வெளுத்தது. "புது சோப்பு வை, ஓடு!"

புதுச் சோப்பை அவள் கண்ணால் கண்டதே இல்லை. சீவியதிலேயே ஒன்றை அவசரமாக வைத்துவிட்டு வந்தாள்.

சற்று நேரத்தில் முதலாளி வெளியே வந்தார். கையில் சோப்பு, கன்னத்தில் நுரை, நுரையில் ஒரு முழ நீள முடி. அவருக்கோ மின்னுகிற வழுக்கை.

"இது யாரு முடி?"

மூக்கி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். மேனேஜர் இன்றோடு ஒழிந்தார் என்று நினைத்தாள். முதலாளி சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீவினதா? தெரியவே இல்லையேம்மா! நம்ம மத்த லாட்ஜுக்கும் நீயே சீவு. யோவ், மேல் ரூம் சாவியை எடுய்யா."

நுரைக் கையாலேயே சாவியை வாங்கி நீட்டினார். அதிலும் அதே வழவழப்பு. அவள் சாவியையும் கத்தியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

"என்னடி, ரூம் குடுக்கலையா?" என்றாள் அண்ணி.

"குடுத்தாங்க அண்ணி. நாறுது."

"இந்த மூக்கை வச்சுக்கிட்டு நீ எங்கயும் குப்பை கொட்ட முடியாது!"

மூக்கி குழாயடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள், சோப்புப் போடாமல்.