தண்ணீர் கேட்ட திருடன்

ஞாயிற்றுக்கிழமை நெருங்கினாலே பெயிண்டருக்குத் தூக்கம் போய்விடும். அன்றுதான் உள்ளூர்ப் பத்திரிகையில் 'அன்றைய தலைப்பு, இன்றைய சிரிப்பு' என்று ஒரு பக்கம் வருகிறது. "நடுரோட்டில் கழுதை மறியல்: நகராட்சித் தலைவர் பேச்சுவார்த்தை", "மேடை சரிந்தது, பேச்சு நிற்கவில்லை" என்று பழைய பேப்பர்களைத் தோண்டி எடுத்து ஊரைச் சிரிக்க வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு வருஷம் என்று வரிசையாகப் போகிறது அது. போன வாரம் அவருக்குக் கல்யாணமான வருஷம். அதற்கு அடுத்த வருஷத்தில் அவரே இருக்கிறார்.

"திருட வந்த வீட்டில் குறட்டை! எழுப்பியவரிடம் தண்ணீர் கேட்ட திருடன்."

அடுத்தவன் கதையாக இருந்தால் அவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். நடந்தது என்னவோ வேறு. மாடி அறை அலமாரிக்குள் தலையை விட்டுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஆள் பின்வாசல் வழியாகப் போய்விட்டான் என்று நினைத்த வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாயின் மெயின் வால்வை மூடி, வீட்டையும் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிவிட்டார். சன்னலெல்லாம் இரும்புக் கம்பி, சுற்றிலும் காலி மனை. இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தியவர் மூன்றாம் நாள் மயங்கிக் கிடந்தார். வீட்டுக்காரருக்கு முன்பே ஊரிலிருந்து வந்து வீட்டைத் திறந்த அவருடைய மைத்துனர் "திருடன்" என்று கூச்சல் போட, போலீஸ் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிருபரும் வந்தார். மறுநாள் ஊர் திரும்பிய வீட்டுக்காரரே ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லி மீட்டு வந்தார். அதற்குள் பேப்பர் ஊரைச் சுற்றிவிட்டது. நாக்கு ஒட்டிப்போனவன் ஒரு வாய் தண்ணீர் கேட்டது இவர்களுக்கு வேடிக்கை.

பெயிண்டர் வேலை என்பது அடுத்தவர் படுக்கையறை வரை நுழைகிற வேலை. 'குறட்டை' என்று பட்டப்பெயர் வாங்கியவனை யார் உள்ளே விடுவார்கள்? மதில் சுவர், கடை ஷட்டர், இரும்பு கேட் என்று பாதி ஆயுள் வெயிலிலேயே போயிற்று. கதை தெரியாத தலைமுறை வந்த பிறகுதான் வாசல்கள் திறந்தன. இப்போது ஒரு டீச்சரம்மா வீட்டில் முழு வேலை. அந்தத் தலைப்பு மறுபடி அச்சேறினால் பழைய ஆள் எவனாவது விரலை நீட்டுவான். இந்த வயதில் திரும்பவும் மதில் சுவருக்குப் போக அவருக்குத் தெம்பில்லை.

வீட்டில் மட்டும்தான் நிம்மதி. மனைவி ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவராகவே ஆரம்பித்தாலும், "விடுங்க, போனது போகட்டும்" என்று தட்டில் சோற்றைப் போடுவாள். இவள் இல்லாவிட்டால் எப்போதோ கயிற்றைத் தேடியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வார்.

வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பத்திரிகை ஆபீசுக்குப் போனார். அந்தப் பக்கத்தைப் பார்ப்பது ஒரு சின்னப் பெண்.

"அம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை தண்ணி கேட்ட திருடன்னு ஒண்ணு போடுவீங்க."

"ஆமாங்க, அதைத்தான் முதல்ல போடறோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது நான்தான்."

அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

"போடாதீங்கம்மா. கால்ல வேணாலும் விழறேன்."

"ஐயோ, உட்காருங்க ஐயா. போடாம விட்டா பொய் அப்படியே நிக்கும். நான் திருத்திப் போடறேன்."

கெடுத்தவர்களே திருத்துவார்களா? அவருக்கு நம்பிக்கையே இல்லை. சனிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் கடையில் பேப்பரை வாங்கி நின்றபடியே பிரித்தார். "அவர் திருடன் அல்ல: நாங்கள் செய்த தவறு." கீழே நடந்தது முழுக்க, அவர் பெயரோடும் மன்னிப்போடும். எழுத்துகள் கண்ணீரில் கலங்கின. டீச்சரம்மா போன் பண்ணி, "படிச்சேன், பாவம் நீங்க. நாளைக்கு வந்துடுங்க" என்றார். விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பேப்பரை மனைவியிடம் நீட்டினார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நீங்க நிஜமாவே திருடப் போகலையா?"



"என்ன கேக்கற நீ? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"சொன்னீங்க. திருடப் போனேன்னு எந்த ஆம்பளைதான் பொண்டாட்டிகிட்ட சொல்லுவான்? பேப்பர்லயே போட்டிருந்தாங்க. வீட்டுக்காரரு பாவம் பாத்து விட்டுட்டாருன்னு நினைச்சேன்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "கல்யாணமான புதுசு, வீட்ல அரிசி இல்ல. எனக்காகத்தானே போனீங்கன்னு அன்னிக்கே மன்னிச்சிட்டேன். அதான் ஒருநாளும் அந்தப் பேச்ச எடுக்கல."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஊர்வாய்க்குப் பயந்து இத்தனை வருஷமும் அவர் ஓடி வந்து நுழைந்தது இந்த வீட்டுக்குள்தான்.