அப்பாவின் வாயை யாரும் கட்டவில்லை

அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் புரட்டும் உறவினர்களில் பாதிப் பேருடைய மனத்திலாவது ஒரு பேச்சு ஓடும் என்பது எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் கறியும் மீனுமாகச் சாப்பிட்ட மனிதர், ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டுக்குப் போய் நாக்குச் செத்து, ஆசை அடங்காமலே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் அது. என் காதுபடவே சிலர் சொன்னார்கள். பதினாறாம் நாள் பந்தியில்கூடச் சொன்னார்கள். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது அப்பாவின் வாழ்க்கையை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதை உள்ளபடி எழுதினாலே பதிலும் வந்துவிடும்.

அப்பா வையம்பட்டிக்குப் பக்கத்தில், மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு அடுத்தவர் மன்னார்புரத்தில் இருக்கும் சித்தப்பா. மழை பெய்தால் சோளம் விளையும், பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. கோவில் கிடாவெட்டுக்கும் தீபாவளிக்கும்தான் வீட்டில் கறி. நான்காவது பிள்ளையின் தட்டுக்கு எலும்பும் சாறும் வரும். அந்த எலும்பையும் பாதி உறிஞ்சிவிட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிடுவாராம். இதை எனக்குச் சொன்னவர் சித்தப்பாதான்.

அரசுப் பேருந்தில் ஓட்டுநர் வேலை கிடைத்ததும் அப்பா திருச்சிக்கு வந்தார். திருமணம் ஆயிற்று, மன்னார்புரத்தில் குடியேறினார்கள், நான் பிறந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டினார். ஒரு மனிதரைக்கூட இடித்ததில்லை. ஓடி வரும் பயணியைக் கண்ணாடியில் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் போனதும் இல்லை. எந்த ஊர்ப் பேச்சு வந்தாலும் அந்த ஊரில் எந்த மெஸ்ஸில் ஈரல் நன்றாக இருக்கும், எங்கே தலைக்கறி கிடைக்கும் என்றுதான் ஆரம்பிப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி இல்லையென்றால் அது அவருக்கு ஞாயிறே இல்லை.

அம்மா தவறிய பிறகு அப்பா என்னோடு வந்தார். நான் வேலை பார்க்கும் பள்ளி ஸ்ரீரங்கத்தில் இருப்பதால் அங்கேயே மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். நான் குடி வந்தபோதே, மேலே அசைவம் சமைக்கக் கூடாது, வெளியிலிருந்து கொண்டு வரவும் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவை அழைத்து வந்த அன்று மறுபடியும் சொன்னார். அப்பா யோசிக்கவே இல்லை. "சரிங்க ஸார். என்னால வீட்டுக்குள்ள வராது" என்றார். வாக்கு அவருடையது. நான் வாங்கியதும் இல்லை, கேட்டதும் இல்லை.

முதல் நான்கைந்து மாதம் ஞாயிறு காலையில் பஸ் ஏறி மன்னார்புரத்துக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவார். கறி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மாலையில் திரும்புவார். மற்ற ஆறு நாளும் என் சமையல். தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "இன்னைக்கும் பொடலங்காயாம்மா?" என்பார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு நாள் கேட்டேவிட்டார். "ஏம்மா, கறின்னா ஒங்கம்மா எத்தன வேல பாப்பா? சின்ன வெங்காயம் உரிச்சு, மசாலா வறுத்து அரைச்சு, நல்லெண்ணெய ஊத்தி, ஒரு மணி நேரம் அடுப்புகிட்டயே நிப்பா. காய்க்கு என்னைக்காவது அப்படி மெனக்கெட்டிருக்கீங்களா? தண்ணில வேகவச்சு, தேங்காயத் தூவி எறக்கிட்டு, காய் நல்லால்லேன்னா எப்படி?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மை அதுதான். கறி சாப்பிடும் நம் வீடுகளில் காய் என்பது புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் அமாவாசைக்கும் வேறு வழியில்லாமல் சமைப்பது. அதற்கென்று யாரும் கை வலிக்க அரைப்பதில்லை. ருசியில்லாமல் சமைத்துவிட்டு, காய்க்கு ருசியில்லை என்று சொல்லிக்கொள்கிறோம்.

அதுவரை வெந்நீர்கூடப் போட்டறியாத அப்பா, அடுத்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனார். ஆட்டுத் தொடையைப் பார்த்து வாங்குகிற மாதிரியே சேனைக்கிழங்கைத் தட்டி, புரட்டி, கடைக்காரம்மாவிடம் வெட்டிக் காட்டச் சொல்லி வாங்கி வந்தார். புளித்தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, மீனுக்குத் தடவுகிற மசாலாவைத் தடவி, தோசைக்கல்லில் பொறுமையாகத் திருப்பித் திருப்பி முறுகவிட்டார். ஓரத்தைக் கடித்தால் மொறுமொறுப்பு, உள்ளே மாவு. நான் ஆறு துண்டு சாப்பிட்டேன். அவர் எத்தனை சாப்பிட்டார் என்று சொல்லாமல் விடுவது மரியாதை. அதன்பிறகு பச்சை மொச்சை, காளான், வாழைப்பூ என்று ஒவ்வொன்றாக அவரிடம் மாட்டின. "பல்லுக்கு வேல இருக்கணும், சோத்தப் பெசஞ்சா எண்ணெ மெதக்கணும், சாப்பிட்டு எந்திரிச்சா வயிறு நெறஞ்சிருக்கணும். அது ஆடா இருந்தா என்ன, மொச்சையா இருந்தா என்ன?" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாக்காயைக் கறி மசாலாவில் போட்டுச் சுண்டவிட்டுக்கொண்டிருந்தார். சோம்பும் கசகசாவும் மணக்க மணக்க வாசனை மாடிப்படி இறங்கிப் போய்விட்டது. சட்டையைக்கூடப் போடாமல் மேல்துண்டோடு மாமா ஏறி வந்துவிட்டார்.

"என்ன ஸார் இது? நாம பேசிண்டது என்ன? கீழ உக்கார முடியலையே!"

வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் அப்பாவை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? அப்பா சாவகாசமாக அடுப்பைக் குறைத்தார். "உள்ள வாங்க ஸார். கரண்டிய விட்டு நல்லாக் கிளறிப் பாருங்க."

மாமா உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்தார். அப்பா ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்துக் காட்டினார். "இது பலாக்காய்னா!" என்றார் மாமா. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் மாமி என்னைக் கூப்பிட்டு, "வெங்காயம் பூண்டு போடாம இதப் பண்ண முடியுமோன்னு ஒங்கப்பாவக் கேளேன்" என்றார். அப்பா இரண்டு நாள் யோசித்து, இஞ்சியும் மிளகும் பெருங்காயமும் வைத்து ஒரு செய்முறை சொன்னார். மாமி செய்தார். நன்றாகத்தான் வந்ததாம். ஆனால் மாமா, "மாமிசம் இப்படித்தான் இருக்குமோன்னு தோணித்து" என்று பாதியில் எழுந்துவிட்டாராம். அதைக் கேட்டு அப்பா அன்றெல்லாம் சிரித்தார்.

இப்படி ஞாயிறுகள் போனதால் மன்னார்புரத்துக்குப் போவது குறைந்தது. சித்தப்பா வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். நான்தான் அண்ணனைத் தடுக்கிறேன் என்று முடிவு செய்து, ஒரு நாள் துணிப்பையில் வாழைப்பழத்துக்கு அடியில் கறிக்குழம்பு கேரியரை வைத்து, மாமாவின் கண்ணெதிரே மாடிக்குக் கொண்டு வந்துவிட்டார். மூடியைத் திறக்கும் முன்பே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"தெறக்காத தம்பி."

"யாருக்குண்ணே தெரியப்போவுது? கதவச் சாத்திட்டுச் சாப்புடுங்க."

"கதவச் சாத்திட்டு திங்கிறதுக்கு நான் என்ன திருடனா? அவருகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். ஒன் வீட்டுக்கு வந்து ஒக்காந்து சாப்பிடுறேன், எடுத்துட்டுப் போ."

"நீங்கதான் வர்றதே இல்லையே!"

"சேன வறுத்து வச்சிருக்கேன், வந்து ஒக்காருப்பா."

சித்தப்பா உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனவர் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அண்ணன் வாயை மகள் கட்டிவிட்டாள் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. ஒரு காதுகுத்தில் அத்தை ஒருவர் எல்லோர் முன்னாலும், "பெத்தவருக்கு ஒரு துண்டு கறி போட மனசு வரலையா ஒனக்கு?" என்று கேட்டார். அப்போது அப்பா இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து, பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், வெளியில் போனால் கறி சாப்பிடத்தான் செய்தார். அவர் சைவத்துக்கு மாறிவிட்டார் என்று யாரும் பெருமையாகவும் சொல்ல வேண்டாம். அப்பாவிடம் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல், அன்று அவர் எனக்காக வாயைத் திறக்கவில்லை என்பதுதான். வீட்டுக்கு வந்து அழுதேன். "சொன்னா நம்பமாட்டாங்கம்மா. தம்பி ஒருநாள் வந்து சாப்பிட்டுப் பாத்தா அவனே சொல்லிடுவான்" என்றார். அந்த ஒருநாள் வரவில்லை.

சென்ற ஆனி மாதம் நெஞ்சில் சளி கட்டி அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் காலையில் சித்தப்பா வந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்து, "என்னண்ணே வேணும் ஒங்களுக்கு? ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்பா கண்ணைத் திறந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "சூப்பு வேணாம்பா. ஒன் வீட்டுல பலாக்கொட்ட போட்டு கத்திரிக்காக் கொழம்பு வைப்பாங்கல்ல, கெட்டியா... அது கொண்டா" என்றார்.

ஞாயிறுதோறும் சித்தப்பா வீட்டில் கறிக்குழம்புக்குப் பக்கத்தில் சித்தி வைக்கிற குழம்பு அது. தான் அதைத் தொட்டதே இல்லை என்று சித்தப்பா பிறகு சொன்னார். அப்படியே எழுந்து வீட்டுக்கு ஓடினார். சித்தி கையோடு கையாக வைத்துக் கொடுத்து, மாலையில் தூக்குச் சட்டியோடு வந்தபோது அப்பாவுக்கு மூச்சுத் திணறி உள்ளே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியும்போது அப்பா போய்விட்டார்.

ஆகவே உறவினர்களே, அப்பா ஆசை அடங்காமல் போனார் என்று நீங்கள் சொல்வது சரிதான். அது எந்த ஆசை என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

அப்பாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. உடலை வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று நான் தயங்கித் தயங்கி ஃபோன் செய்தபோது, கேட்டு முடிக்கும் முன்பே கீழ்க் கூடத்தை ஒழித்துக் கொடுத்த வீட்டுக்கார மாமாவையும், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்த மாமியையும் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். அப்பாவுக்கென்று நல்ல சேனையாகப் பார்த்து ஒதுக்கி வைத்த மார்க்கெட் அம்மாவுக்கும், அந்த வேளையிலும் அடுப்பைப் பற்றவைத்த சித்திக்கும் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. நினைவு நாள் படையல் மன்னார்புரத்தில் அவர் வீட்டில்தான். என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கறி வைம்மா, மீன் வை, முட்ட வை. அண்ணனுக்கு எல்லாம் புடிக்கும். ஆனா எலையில மொதல்ல அந்தக் கத்திரிக்காக் கொழம்ப ஊத்து. என்கிட்ட அவரு வாயத் தொறந்து கேட்டது அது ஒன்னுதான்."