பாத்ரூம் வாசலில் நின்றவர்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் நான் தையல் வேலை பார்த்த கார்மெண்ட்ஸில் அவர் சூப்பர்வைசர். இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் சந்தனம், ஒருபோதும் உயராத குரல். எங்களில் யாராவது பாத்ரூமுக்கு எழுந்தால் அவரும் பின்னாலேயே வந்து, வாசலில் நின்று வாட்சைப் பார்ப்பார். அந்த அவமானத்துக்குப் பயந்தே நாங்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை.

நாங்கள் குடியிருந்த நீலசந்திரா ஏரியாவிலிருந்து என்னோடு வேலைக்கு வரும் சரளாவுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல் கண்டது. அவள் பத்தாவது படித்தவள். அவரிடமே போய்ச் சொன்னாள்.

"சார், தண்ணி நிறைய குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பாத்ரூம் போக விடலைன்னா மேனேஜருக்கு எழுதிக் குடுப்பேன்."

அவர் சிரித்தார். "உடம்பு முடியலைன்னா வீட்ல இரும்மா. நாளைலேர்ந்து வரவேணாம், சரியா? ஆய்த்தா?" என்று கன்னடத்திலும் கேட்டார்.

மறுநாள் அவள் இடத்துக்கு ஆள் எடுத்தார். கேட்டில் நின்ற பெண்களிடம் என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்டு, பள்ளிக்கூடமே போகாதவளை உள்ளே அழைத்துக்கொண்டார்.

அந்த வாரமே தன் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததென்று எங்களுக்கெல்லாம் மைசூர்பாக் கொடுத்தார். "பொம்பளைப் புள்ளைங்க படிச்சாத்தான்மா நாலு பேர் மதிப்பாங்க" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். வாயில் போட்டதை முந்தானையில் துப்பினேன்.