பள்ளம் தெரிந்த முத்து

மடிக்கணினித் திரையில் தட்டு அகலத்துக்கு நின்ற அந்த முத்தை இன்னும் மறக்கவில்லை. எத்தனை பெரிதாக்கினாலும் ஓரம் உடையாமல் வழவழவென்று இருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். என் கணவர் கப்பல் வேலையில் முதுகில் அடிபட்டு ஊர் திரும்பிய வருஷம் அது. தூத்துக்குடியில் எங்கள் முத்து, சிப்பி நகைக் கடைக்கு ஆள் வரத்து நின்றுபோயிருந்தது. கிறிஸ்துமஸுக்குள் வியாபாரம் தேறாவிட்டால் கடையைக் காலி செய்வதாகக் கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மிச்சமிருந்த நம்பிக்கை இணையதளம் ஒன்றுதான்.

அதைச் செய்துதர ஆறுமுகநேரியிலிருந்து பஸ்ஸில் வந்தவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே விளக்கினாள். வெக்டர் என்பது கோடும் வளைவுமாக வரைவது. எவ்வளவு இழுத்தாலும் கூர்மை போகாது, கடையின் சின்னத்துக்கு அதுதான் சரி. ராஸ்டர் என்பது புள்ளிகளால் ஆன புகைப்படம்; அளவுக்கு மீறி இழுத்தால் உடையும், ஆனால் முத்தின் மினுமினுப்பு அதில்தான் நிற்கும். நான் கேட்டால்தானே? முத்தைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பழகிய கை; திரையிலும் ஒரு பொட்டு அழுக்கு தெரியக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். முத்துகளையும் வெக்டராகவே மாற்றவைத்தேன்.

கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏளா, முத்து விக்கியா, மாத்திரை விக்கியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாரக்கணக்கில் ஓர் ஆர்டரும் வரவில்லை. போன் செய்த ஒரே அம்மாவும் "இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

'அப்பவே சொன்னேம்லா' என்று தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கே அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய லீவு நாளில், நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வருவதற்குள் கடை வாசலில் நின்றாள். சன்னல் வெளிச்சத்தில் கறுப்புத் துணி விரித்து ஒவ்வொரு முத்தாகப் படமெடுத்தாள். போனில் சட்டென்று திறக்கும்படி படங்களின் அளவைச் சுருக்கினாள். சின்னம் மட்டும் வெக்டராகவே இருந்தது. ஒரு முத்தில் ஊசிமுனை அளவு பள்ளம். அதையாவது அழித்துவிடும்படி கெஞ்சினேன்.

"வேண்டாங்க்கா. வாங்குனவங்க பெட்டியத் தொறந்ததும் பள்ளத்தப் பாப்பாங்க. பெறவு நம்மள நம்புவாங்களா?"

இப்போது அவள் வெளியூரில் பெரிய வேலையில் இருக்கிறாள். எங்கள் தளத்தை யார் யாரோ புதுப்பித்துவிட்டார்கள். முத்துப் படங்களில் கைவைக்க மட்டும் நான் யாரையும் விடுவதில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு மத்தியானம், கண்ணாடி அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வேம்பாரிலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்கு நகை தேடுகிறவர்.

"பள்ளத்தயே மறைக்காமப் போட்டிருக்கியளே. அப்பம் மத்ததும் உள்ளபடிதான் இருக்கும். மாலை, தோடு எல்லாம் உங்ககிட்டயே எடுத்துக்கிடுதேன்."

அலமாரி முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டடக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, கடைய வேற யாருக்கும் பேசிராதிய. நாங்க இருக்கோம்."